ஏழாம் கேள்வி

பிப்ரவரி 6

பயிற்சி முடிந்தது. இரண்டு நாள், ஏசி அறை, சமோசா. கையில் கேள்விகள் ஏற்றிய ஒரு டேப், கழுத்தில் மாட்ட ஓர் அட்டை, எழுத இந்த நோட்டு. களத்தில் பார்ப்பதைத் தினமும் எழுதுங்கள், யார் பெயரும் வேண்டாம் என்றார்கள். பெயரோடுதான் எழுதப் போகிறேன். இதை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை.

கஞ்சாப் பயன்பாட்டின் உடல்நல, சமூகப் பாதிப்புகள். இதுதான் ஆராய்ச்சி. ஆறு மாத ஒப்பந்தம். எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தவளுக்கு இதுவே பெரிது. மனநல டாக்டர் ஹேமலதா இரண்டு மணி நேரம் பேசினார். ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். "கஞ்சா அடிக்கிற எல்லாருக்கும் மனநோய் வராது. நிறையப் பேருக்கு வராது. ஆனா சின்ன வயசுல ஆரம்பிச்சு, தினமும் அடிச்சு, குடும்பத்துலயும் யாருக்காவது இருந்திருந்தா ஆபத்து ஜாஸ்தி. சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா திரும்பி வர வாய்ப்பிருக்கு. நாள் போகப் போகக் கஷ்டம். முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவுல எத்தனை வாரம்? எனக்கு அந்த ஒரு நம்பரக் கொண்டு வாங்க."

டேப்பில் அறுபத்தொன்பது கேள்வி. ஏழாவதுதான் வாசல்: கடந்த பன்னிரண்டு மாதங்களில் இந்த வீட்டில் யாராவது கஞ்சா பயன்படுத்தியது உண்டா? 'ஆம்' என்றால் அறுபத்தோரு கேள்வி திறக்கும். தூங்குகிறாரா, காதில் குரல் கேட்கிறதா, யாரோ பின்தொடர்வதாகச் சொல்கிறாரா. மதிப்பெண் கூடினால் அந்த வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி. ஜூனில் டாக்டர்கள் சிவப்புப் புள்ளி வீடுகளுக்கு நேரில் வருவார்கள். 'இல்லை' என்றால் டேப் நேராக அறுபத்தொன்பதுக்குத் தாண்டிவிடும். நன்றி, வணக்கம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேன்மொழிக்கு இது நான்காவது சர்வே. "ஏழுல தாண்டிடு பிரின்சி. ஆம்னு போட்டா நாப்பது நிமிஷம். அப்புறம் அந்தம்மா அழும், நீ தண்ணி மொண்டு குடுக்கணும்."

"அப்புறம் எதுக்குடி சர்வே?"

"சம்பளத்துக்கு. ஆனா ஒண்ணு, போட்டதும் மூடாத. டேப் டைம் எழுதும். ஓட வுட்டுட்டு ஒரு டீ குடி. பத்து நிமிஷம் ஆனதும் மூடு."

இவர்கள்தான் எங்கள் காலனி மாதிரி இடங்களைப் பற்றி எழுதி டெல்லிக்கு அனுப்புகிறவர்கள். நான் தாண்ட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தால், தம்பி ஜோயல் சுவிட்ச் போர்டு ஓட்டைகளில் எல்லாம் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருக்கிறான். "எறும்பு வருதுக்கா" என்றான். சார்ஜ் போட ஒன்றைப் பிய்த்தேன். திரும்ப ஒட்டினான். இருபத்திரண்டு வயது. சின்னதிலிருந்தே பிடிவாதம்.

பிப்ரவரி 9

காலனிக்கு எதிரில், சாலையைத் தாண்டினால் பதினெட்டு மாடிக் கட்டடங்கள். சாம்பிளில் அங்கே எட்டு வீடு. கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"அசோசியேஷன்ல வேணாம்ட்டாங்கம்மா."

"கஞ்சா பத்தி சில கேள்விதாண்ணே. அரசாங்க லெட்டர் இருக்குது."

"அதாம்மா வேணாங்குறாங்க."

அந்தக் கட்டடத்தின் பின்பக்க பால்கனிகளில் சாயங்காலம் என்ன வாசனை வருகிறது என்று செக்யூரிட்டிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜோயல் ஒரு வருஷமாக அங்கே சாப்பாடு டெலிவரி கொடுக்கிறவன். சூப்பர்வைசர் பழனிவேல் சாருக்குப் போன் செய்தேன். "மறுத்துட்டாங்கன்னு போடாத பிரின்சி, ரெஸ்பான்ஸ் ரேட் அடி வாங்கும். அதுக்குப் பதிலா வேற வீடு எடுத்துக்க. உங்க காலனியிலேயே எட்டு எடு."

எடுத்தேன். எட்டில் மூன்று 'ஆம்'. நாளைக்கு ரிப்போர்ட்டில் யார் வீட்டில் கஞ்சா இருக்கும்? கதவைத் திறந்தவன் வீட்டில்.

பிப்ரவரி 17

சி பிளாக் தரைத்தளம், பவுனு அக்கா. மீன் விற்கிறவர். ஒரே மகன் லோகு, பத்தொன்பது வயது. நான் கேட்டதும் "அதெல்லாம் இல்லம்மா, எம்புள்ள தங்கம்" என்றார். உள்ளே அந்தத் தங்கம் பட்டப்பகலில் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு சுவரோடு பேசிக்கொண்டிருந்தது.

டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தேன். "அக்கா, நீங்க மறைச்சா யாருக்கு நஷ்டம்? பக்கத்து வீட்டுக்காரிக்கா? இப்ப எழுதுனாதான் ஜூன்ல டாக்டர் உங்க வாசலுக்கு வருவாங்க. மானத்தக் காப்பாத்திக்கினு புள்ளய வுட்றாதீங்க."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "எழுதிக்கோ. பத்தாங்கிளாஸ்ல இருந்து" என்றார். ஐம்பது நிமிஷம் ஆனது. அழுதார். நானே போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன். சிவப்புப் புள்ளி.

இந்த வேலையில் முதல்முறை உருப்படியாக ஒன்று செய்தேன் என்று பட்டது.

பிப்ரவரி 18

முகம் பார்க்கும் கண்ணாடியை ஜோயல் சுவர் பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறான். கண் கூசுகிறதாம். வெயில் ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 4

ஜோயல் டெலிவரி வேலையை விட்டுவிட்டான். ஆர்டர் வரும் சத்தத்துக்கு நடுவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்களாம். "போன்ல அந்த ஆப்பு ஏதோ கெட்டுப் போயிருக்கும்டா" என்றேன்.

கோபம் வருகிறது. அவன்மேல் இல்லை. ஆற்றோரத்தில் இருந்தவரை அவன் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். வீட்டை இடித்து முப்பது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்போது அவனுக்குப் பதினைந்து. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ். ஒரு வருஷம் போனான். அப்புறம் மொட்டை மாடி. அங்கே இவனை மாதிரி இருபது பேர். வேலை இல்லை, விளையாட இடம் இல்லை, பொட்டலம் மட்டும் கூப்பிட்ட குரலுக்கு வரும். எல்லாரும்தான் இழுக்கிறார்கள். எல்லாருக்குமா ஏதாவது ஆகிவிட்டது?

அம்மா கம்பெனியில் தரை துடைத்துவிட்டு வந்து, "அவன் சோர்ந்து கெடக்குறான், ஒண்ணும் கேக்காத" என்றாள். கேட்கவில்லை. ரேஷனில் பாமாயில் தீர்ந்துவிட்டது.

மார்ச் 12

எஃப் பிளாக் பட்டியல் வந்தது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட கதவு எண்கள். நான்காவது மாடியில் ஒரே ஒரு வீடு. 411. எங்கள் வீடு.

விதி தெளிவாக இருக்கிறது. சொந்த வீடோ சொந்தக்காரர் வீடோ வந்தால் சாரிடம் சொல்ல வேண்டும். அவர் வேறு ஆளை அனுப்புவார். ஒரு போன் போதும். தேன்மொழியை அனுப்பியிருப்பார்.

வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது, அதனால்தான் சொல்லவில்லை. ஜோயல் மின்விசிறியைக் கழற்றித் தரையில் வைத்திருக்கிறான். அவள் வந்து பார்த்தால் ஆபீஸ் முழுக்கப் பேச்சாகும்.

லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினேன். உறுப்பினர்கள் மூன்று. குடும்பத் தலைவர் எஸ்தர், அம்மா. அப்பா இறந்துவிட்டார். சமையல் எரிவாயு உண்டு. ஏழு: இல்லை. நன்றி, வணக்கம். அனுப்பிவிட்டேன்.

பொய் என்றும் சொல்ல முடியாது. பிப்ரவரி கடைசியிலிருந்து அவன் வாங்குவதே இல்லை என்று அம்மா சொல்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பத் திறக்க முடியுமா என்று பார்த்தேன். அனுப்பிய படிவம் திறக்காது. எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. மத்தியானம் கீரைக்குழம்பு.

மார்ச் 13

தண்ணீர் லாரி வரவில்லை. ஆறு வீடு முடித்தேன். ஒன்றில்கூடத் தாண்டவில்லை.

மார்ச் 29

காலையில் சி பிளாக்கில் இரண்டு பேரைப் போலீஸ் தூக்கிப் போனது. பொட்டலம் வைத்திருந்தார்களாம். லோகு இல்லை, வேறு பையன்கள். குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. அப்புறம் ஒருத்தி எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "ஊட்டு ஊட்டுக்கு எழுதிக்கினு போச்சே ஒண்ணு. இங்க இருந்துகினே எங்களயே மாட்டி வுடுது."

"அது ஆஸ்பத்திரி கணக்கு. போலீசுக்குப் போவாது" என்று கத்தினேன்.

"உன் ஊட்ட எழுதிக்கினியா?"

குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எதிர்க் கட்டடத்தில் யாரையும் தூக்கவில்லை. அங்கே தூக்குவதற்கு முதலில் அசோசியேஷனிடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

நல்லவேளை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எதற்கு நல்லவேளை என்று எழுத வேண்டியதில்லை.

ஏப்ரல் 20

குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஜோயல் என் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பூட்டு எண் தெரியாமல் கறுப்புத் திரையையே பார்க்கிறான். குளித்துப் பதினைந்து நாள் இருக்கும். தாடியில் சோற்றுப் பருக்கை.

"அக்கா, இதுல எம்பேரு இருக்குதா?"

"இல்லடா."

"பொய் சொல்லாத. எல்லார் பேரும் இருக்குது. நீ வாசல்ல நின்னு எழுதினத நான் பாத்தேன். மேல இருந்து ஒருத்தன் படிச்சிக்கினே இருக்கான். ஜோயல் எந்திரிச்சான், ஜோயல் தண்ணி குடிச்சான். நீ எழுதி அனுப்பாம அவனுக்கு எப்டித் தெரியும்?"

"உம்பேரு இல்லவே இல்லடா. சத்தியமா."

என் கண்ணையே பார்த்தான். நம்பவில்லை. டேப்பை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். "உன் ஆபீஸ்ல தெரிஞ்சா உன் வேல போயிரும்" என்றாள். அந்த வார்த்தையை அவள் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்த மாதிரி இருந்தது.

மே 11

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வாசலில் தேன்மொழியின் செருப்பு.

நூற்றுக்குப் பத்து வீட்டை வேறு ஆள் போய் மறுபடி கேட்பது வழக்கம். எதை மறுபடி கேட்பது என்று கம்ப்யூட்டரே பொறுக்கும். ரொம்பச் சீக்கிரம் முடிந்த படிவங்களைத்தான் முதலில் பொறுக்கும். எனக்கு அது தெரியாதா?

உள்ளே ஜோயல் முகம் கழுவி, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வேலைக்கு நேர்காணல் போகிறவன் மாதிரி. தேன்மொழி தரையில். நான் வந்ததை அவள் பார்த்தாள். நிறுத்தவில்லை.

"நாப்பத்தொண்ணு. வீட்ல இருக்கிறவங்க உங்களுக்குக் கெடுதல் செய்யப் பாக்குறாங்கன்னு தோணுதா?"

"அம்மா சோத்துல ஒண்ணும் போடல. அது எனக்குத் தெரியும். அக்காதான் என்னப் பத்தி எழுதிக்கினே இருக்குது. டேப்ல எழுதுது. அப்புறம் ஒரு நோட்டு வச்சிருக்குது, அதுலயும் எழுதுது."

தேன்மொழி டேப்பிலிருந்து கையை எடுத்து நெற்றியைத் துடைத்தாள். "உங்கக்கா உன்னப் பத்தி ஒண்ணுமே எழுதலப்பா. இந்த வீட்ல யாரும் அடிக்கிறது இல்லன்னுதான் டேப்ல இருக்குது."

ஜோயல் என் பக்கம் திரும்பினான். பயம் எல்லாம் போய், பழைய முகம் ஒரு நொடி வந்தது. "ஏன்க்கா?"

சோறு போடட்டுமா என்று கேட்டேன்.

தேன்மொழி கேட்ட மிச்சக் கேள்விகளையும் அவன் பதில்களையும் நின்றுகொண்டே கேட்டிருந்தேன். எத்தனை வயதில் ஆரம்பித்தாய்? பதினஞ்சு. நாளைக்கு எத்தனை? முதல்ல ஒண்ணு, அப்புறம் ஏழெட்டு. கடைசியாக எப்போது? நேத்து. குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் உண்டா? "பெரியப்பாவ ஜெப வீட்டுல சங்கிலி போட்டுக் கட்டியிருந்தாங்க. சின்னப்ப அப்பாகூடப் போயி நானே பாத்தேன்." பெரியப்பாவுக்கு வலிப்பு என்று அம்மா சொல்லியிருந்தாள். பெண் பிள்ளையிடம் அப்படி, ஆண் பிள்ளைக்கு நேரிலேயே காட்டியிருக்கிறார்கள்.

படிக்கட்டு வரை தேன்மொழியோடு இறங்கினேன்.

"நீ இல்லன்னு போட்டிருக்கன்னு தெரிஞ்சதும் நானும் அதையே போட்டுட்டு எறங்கிடலாம்னுதான் இருந்தேன்" என்றாள். "அவன்தான் வுடல. ஒரு நிமிசம் இருங்கன்னுட்டு மூஞ்சி கழுவிட்டு வந்தான். கேள்வியப் பூரா கேட்டுட்டுப் போங்கன்னான். நாலு சர்வேல இப்டி ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்ல."

"நீ எத்தன வீட்ல தாண்டியிருப்ப தேனு?"

"நெறைய" என்றாள். "ஆனா எந்தம்பிய நான் தாண்டல."

அவளுக்குத் தம்பியே கிடையாது. அதனால் அந்த வார்த்தையின் கூர்மை குறையவில்லை.

மே 15

பழனிவேல் சார் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். ஆரம்பம் 11:42:05. முடிவு 11:44:15.

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. ஏம்மா, ஒரு டீயாவது குடிச்சிருக்கக் கூடாதா?"

அவருக்கு எல்லாம் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

ஒரு படிவம் பொய் என்று நிரூபணமானால் அந்த ஆள் எடுத்த எல்லாப் படிவமும் கழியும். விதி. என்னுடையது முந்நூற்றுப் பதினெட்டு வீடு. அதில் இருபத்து மூன்று சிவப்புப் புள்ளி.

"அந்த இருபத்து மூணு வீட்டுக்கு டாக்டர் வருவாங்களா சார்?"

"டேட்டாலயே இல்லாத வீட்டுக்கு எப்படிம்மா அனுப்புறது?"

"முந்நூத்திப் பதினேழு உண்மை சார்."

"இருக்கலாம். அத யாரு நம்புவா?"

ஜோயலைத் தேன்மொழி எடுத்த படிவம்? அதுவும் என் பட்டியல் வீடு. அதுவும் கழியும். ஹேமலதா மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். வெளியூர் மாநாட்டுக்குப் போயிருக்கிறாராம். அட்டையையும் டேப்பையும் கொடுத்துவிட்டு வந்தேன். நோட்டை யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஆட்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். அசோசியேஷனை, பழனிவேலை, எங்களை இங்கே கொண்டுவந்து கொட்டியவர்களை, தேன்மொழியை. பட்டியல் நீளமாக இருந்தது. ஓர் ஆள் மட்டும் அதில் இல்லை.

ஜூன் 2

பவுனு அக்கா மீன் கூடையோடு மறித்தார். "ஜூனு பொறந்துட்டுதே. டாக்டரு எப்ப வருவாரு? லோகுவுக்கு ஊடு கூட்டி, பாயெல்லாம் வெயில்ல போட்டு வச்சிருக்கேன்."

"வருவாங்கக்கா."

"நீ சொன்னதுலதான் எழுதுனேன்."

"வருவாங்க."

நாலு மத்தி எடுத்துக் கையில் திணித்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. குழம்பு வைத்தேன். நான் சாப்பிடவில்லை.

ஜூன் 19

அம்மா ஜோயலை ஜெப வீட்டுக்குக் கூட்டிப் போனாள். நாற்பது நாள் உபவாச ஜெபம். சண்டை போட்டேன்.

"ஆஸ்பத்திரியில என்னா கிழிப்பாங்க? ஊசி போட்டுப் பொணமாட்டம் படுக்க வைப்பாங்க. உங்க பெரியப்பனுக்குப் பாக்காத வைத்தியமா?"

"பெரியப்பாவுக்கு வலிப்புன்னல்ல சொன்ன?"

அம்மா பைக்குள் பைபிளை வைத்து ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டியபடியே சொன்னாள்: "உனக்கு யாரு மாப்ள குடுப்பான்? அதுக்குத்தான் சொன்னேன்."

தடுத்திருக்கலாம். வழியில் போய் நின்றிருக்கலாம். நாற்பது நாள் வீடு அமைதியாக இருக்கும் என்று தோன்றியது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 11

செய்தித்தாளில் நாலு வரி. ஆய்வு முடிந்ததாம். எந்தெந்தப் பகுதிகளில் இலவச மனநல முகாம் என்று பெயர்கள் போட்டிருந்தார்கள். எங்கள் காலனி இல்லை.

ஜூலை 30

ஜோயல் வந்துவிட்டான். எலும்பு தெரிகிறது. இரண்டு மணிக்கட்டிலும் கயிற்றுத் தடம். குணமாகிவிட்டது என்கிறாள் அம்மா. யாருடனும் பேசுவதில்லை, அதுதான் குணம். சாயங்காலம் படிக்கட்டில் அவன் சட்டையில் பழைய வாசனை.

ஆகஸ்ட் 3

பவுனு அக்கா கையில் லோகுவின் படம். ஒன்பதாம் வகுப்பு அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. பஸ் நிறுத்தத்தில் போகிற வருகிறவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். லோகு காணாமல் போய் ஐந்து நாள். யாரோடும் பேசாமல் கடல் பக்கம் நடந்தான் என்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நின்றேன். படத்தை நீட்டினார். "நீதான் ஊட்டு ஊட்டுக்குப் போறவளாச்சே. எங்கனாச்சும் பாத்தியா?"

வேலை போன கதையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. படத்தை வாங்கிக்கொண்டேன். மூன்று பஸ் நிறுத்தத்தில் ஒட்டினேன். ஜோயலின் பிளாஸ்திரிதான் ஒட்டக் கிடைத்தது.

ஆகஸ்ட் 20

காலை பத்து மணி. அம்மா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். "எங்கம்மா எங்க? நீ அவ சேலயக் கட்டிக்கினு வந்திருக்க" என்று பிடித்துத் தள்ளினான். அம்மா கதவு நிலையில் கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. ஜோயலுக்கும் கேட்டிருக்க வேண்டும். மூலையில் போய் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான்.

அம்மா வலியில் முனகிக்கொண்டே என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லு."

மாவுக்கட்டு போடுகிற இடத்தில் அப்படித்தான் சொன்னேன். பழக்கம்.

ஆகஸ்ட் 22

ஜோயலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அடம் பிடிக்கவில்லை. இழுத்துப் போக ஆட்டோக்காரரையும் கூட வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. பிப்ரவரியிலும் இப்படியே வந்திருப்பான்.

மனநலப் பிரிவு வராண்டாவில் நூறு பேர். டோக்கன் 64. ஹேமலதா மேடம் இல்லை, படித்துக்கொண்டிருக்கிற ஒரு சின்ன வயது டாக்டர். காகிதப் படிவம். அம்மா ஒற்றைக் கையோடு பக்கத்தில்.

"எப்போ இருந்து இப்படி இருக்காரு?"

"ரெண்டு வாரமா" என்றாள் அம்மா. "வேல இல்லன்னு மனசு வுட்டுட்டான். அவ்ளோதான் டாக்டர்."

டாக்டர் 'இரண்டு' என்று எழுதத் தொடங்கினார்.

"இருங்க" என்றேன். பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். "பிப்ரவரி ஆறு. சுவிட்ச் போர்டு ஓட்டைக்கு பிளாஸ்திரி ஒட்டினான். எறும்பு வருதுன்னான். பிப்ரவரி பதினெட்டு, கண்ணாடியத் திருப்பி வச்சான். மார்ச் நாலு, போன் சத்தத்துல தன்னப் பத்திப் பேசுறாங்கன்னு வேலைய வுட்டான். மார்ச் பன்னெண்டு, ஃபேனக் கழட்டி வச்சிருந்தான்." அதே நாளில் அதற்குக் கீழே இருந்ததையும் படித்தேன். படிக்கட்டு, ஏழு, இல்லை, நன்றி, வணக்கம். அம்மா என் முட்டியை இடித்தாள். நிறுத்தவில்லை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "இவ்ளோ எழுதி வச்சிருக்கீங்க. அப்பவே ஏன் வரல?"

அந்தக் கேள்வி அவர் படிவத்தில் இல்லை. "பயம்" என்றேன். அப்புறம், "வேல போயிரும்னு" என்றேன். அப்புறம், "எந்தம்பின்னு" என்றேன். மூன்றையும் அவர் எழுதவில்லை. நாள்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டார். படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் 28 வாரம் என்று எழுதினார்.

அதுதான் ஹேமலதா மேடம் கேட்ட அந்த ஒரு நம்பர்.

"பன்னெண்டு மாசத்துல கஞ்சா பயன்படுத்தியிருக்காரா?"

"ஆம்" என்றேன். ஆமாம் என்று வரவில்லை. டேப்பில் இருப்பது போலவே 'ஆம்' என்றுதான் வந்தது.

பக்கத்தைத் திருப்பினார். அடுத்த கேள்வி, அதற்கடுத்தது. எல்லாம் எனக்கு மனப்பாடம். முடிகிற வரைக்கும் ஜோயல் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் கேட்டான்.

"அக்கா, எம்பேர எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்கடா."

"முழுப் பேரா?"

"முழுப் பேரு. ஜோயல் சாமுவேல்."

"அப்ப இனிமே என்னத் தேட மாட்டாங்கல்ல" என்றான். மருந்து வாங்குகிற வரிசையில் எனக்கு முன்னால் போய் நின்றான்.

எத்தனை நாளில் சரியாவான் என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். பார்க்கலாம் என்றார். சரியாவானா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23

காலையில் பவுனு அக்கா வீட்டுக்குப் போனேன். டாக்டர் ஏன் வரவில்லை என்று முழுதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மீன் செதிலைச் சுரண்டினார். நான் முடித்த பிறகும் சுரண்டினார். கிளம்பு என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. லோகு இன்னும் கிடைக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் ஜோயலுக்கு ஒரு மாத்திரை. நானே தண்ணீரோடு கொடுத்தேன். முழுங்கிட்டேன் என்று வாயைத் திறந்து காட்டினான். அம்மா, "அதான் காட்டிட்டான்ல, வுடு" என்றாள்.

நாக்கைத் தூக்குடா என்றேன். தூக்கினான். மாத்திரை நாக்குக்கு அடியில் அப்படியே இருந்தது.

இருந்தது என்று எழுதிவிட்டேன். இப்போது தண்ணீரோடு அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.